வைகாசியில் நாகை குளுமையா, திருச்சி குளுமையா? டெல்டாவின் கோடைத் தொடக்கம் பற்றி ஓர் இழை

மார்ச் 30

திருச்சி தில்லை நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

"என் மகனின் திருமணம் வைகாசி கடைசி வாரத்தில் நாகப்பட்டினத்தில் நடக்கவிருக்கிறது. காலை முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டார் மண்டபம் பார்த்துவிட்டார்கள். மாலை வரவேற்பைக் கடற்கரைக்கு அருகில் திறந்த வெளியில் பந்தல் போட்டு நடத்தலாம் என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு கோடை கடுமையாக இருக்கும் என்று செய்திகளில் சொல்கிறார்கள். எப்படியும் கத்திரி அதற்குள் முடிந்துவிடும்; கடலோரம் எந்த நாளிலும் திருச்சியைவிடக் குளுமையாகத்தான் இருக்கும். ஆகவே குளிர்சாதன மண்டபத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. டெல்டாக்காரர்கள் மறுப்பீர்களா?"

மார்ச் 31

மறுக்கிறேன். சித்திரையில் திருமணம் வைத்திருந்தால் உங்கள் கருத்தை அப்படியே ஏற்றிருப்பேன். வைகாசி கடைசி வாரம் என்றால் ஜூன் இரண்டாம் வாரம். அப்போது நாகையின் நிலைமை வேறு.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மேற்கே திருச்சியின் அனலும் கிழக்கே நாகையின் புழுக்கமும் எங்களுக்கு மாறி மாறி வந்து சேரும். என் மனைவியின் ஊர் வேதாரண்யம். கோடையில் இந்த மூன்று ஊர்களுக்கும் போய் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிழக்கே போகப் போக வெப்பம் குறையும். மே கடைசியில் அந்தக் கணக்கு கலைந்துவிடும். நாகையில் ஏப்ரல் மாதச் சராசரிப் பகல் உச்சம் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூனில் அது 36, 37 என்று ஏறிவிடும். திருச்சியோ ஏப்ரலிலேயே 37ஐத் தொட்டுவிட்டு, ஜூன் வரை பெரிதாக நகராமல் அங்கேயே நிற்கும். ஏப்ரலில் நான்கு டிகிரி இருந்த இடைவெளி ஜூனில் ஒரு டிகிரி அளவுக்குச் சுருங்கிப் போகிறது. அந்த ஒரு டிகிரியையும் கடலோர ஈரப்பதம் விழுங்கிவிடும்.

ஏப்ரல் 2

"இந்த ஆண்டு கோடை கடுமை" என்ற செய்தியை எப்படி வாசிப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வு மையம் பிப்ரவரி இறுதியில் மார்ச் முதல் மே வரைக்கும், மார்ச் இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் பருவ முன்னோட்டம் வெளியிடுகிறது. அந்த வரைபடம் சொல்வது ஒன்றுதான்: ஒரு பகுதியின் மூன்று மாதச் சராசரி, இயல்பைவிடக் கூடுவதற்கும், இயல்பை ஒட்டி இருப்பதற்கும், குறைவதற்கும் உள்ள வாய்ப்புகளில் எது ஓங்கியிருக்கிறது என்பது. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரியே அங்கே இயல்பு எனப்படுகிறது. ஜூன் 10ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு நாகைக் கடற்கரையில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதற்கு அதில் பதில் தேடக்கூடாது. டெல்டா முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடம் கரூர்ப் பக்கத்துக்கும் காரைக்காலுக்கும் ஒரே கோடை என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. தில்லை நகர் வாசகரின் கேள்வியும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே என்று தோன்றுகிறது.

நாள் நெருங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. வியாழக்கிழமைதோறும் வரும் நீண்ட கால முன்னறிவிப்பு அடுத்த சில வாரங்களின் போக்கைச் சொல்லும். ஏழு நாள் முன்னறிவிப்பு திருமண வாரத்துக்கு உதவும். இடி மழைக்கு மூன்று மணி நேர அறிவிப்பைத் தவிர எதையும் நம்பிப் பந்தல்காரரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 4

கடற்காற்று எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே எழுதியது அரைகுறையாக நிற்கிறது.

காலையில் நிலம் விரைவில் சூடாகிறது. கடல் 29, 30 டிகிரியில் அசையாமல் கிடக்கிறது. நிலத்தின் மீதுள்ள காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. ஏப்ரலில் இதற்கு எதிராக நிற்கப் பெரிய காற்று எதுவும் இல்லை. ஆகவே முற்பகல் பத்து, பதினொரு மணிக்கே நாகையிலும் காரைக்காலிலும் கடற்காற்று இறங்கிவிடுகிறது. வெப்பமானி உச்சத்துக்குப் போகும் முன்பே அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறது. அதே காற்று மெல்ல உள்ளே நகர்ந்து பிற்பகலில் கும்பகோணத்தை அடையும். சில நாட்களில் தஞ்சாவூரையும் அந்தி நேரத்தில் எட்டிப் பார்க்கும். எங்கள் ஊரில் சித்திரை மாதத்து மூன்றரை மணிக்குத் தென்னை ஓலைகள் ஒரே சமயத்தில் மேற்குப் பக்கம் சாய்வதைப் பார்த்தாலே, இனிமேல் திண்ணையில் உட்காரலாம் என்று தெரிந்துவிடும்.

மே பிற்பகுதியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, வலுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாயில். அதன் வழியே நுழையும் காற்றும், மலையைத் தாண்டி இறங்கும் காற்றும், கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று காய்ந்த நிலத்தின் மேல் முழுத் தொலைவும் சூடேறிக்கொண்டே கிழக்கே வருகின்றன. அந்தப் பயணத்தின் கடைசி ஊர் நாகை. மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்று கரையில் நிற்கும் வரை கடற்காற்று உள்ளே வர முடியாது. பிற்பகல் இரண்டு மணிக்கோ நான்கு மணிக்கோதான் அது கரையேறும். சில நாட்களில் வரவே வராது. அன்றைக்கு நாகையில் 40 டிகிரி பதிவானாலும் வியப்பில்லை.

ஏப்ரல் 5

"அப்படியானால் திருச்சிக்காரர்கள் பிழைத்தோமா?" என்று கேட்கிறார் ஒருவர். கொஞ்சம். ஜூனில் அதே மேல்காற்று உங்களுக்கு மாலையில் ஒரு வீச்சும் வானத்தில் சிறிது மேகமும் கொண்டு வருகிறது. ஏப்ரலில் காற்றே இல்லாமல் வெந்துகொண்டிருந்த ஊருக்கு அது பெரிய வரவு. காவிரிப் பாலத்தில் மாலை நடை போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 18

இன்று நண்பகலில் தஞ்சாவூர், திருச்சி, நாகை ஆகிய மூன்று ஊர்களிலும் நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருக்கும். மூன்றும் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் இந்த நாட்களில் நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்டு 24, 25 வாக்கில் மீண்டும் நிற்கும். "சூரியன் தலைக்கு நேராக இருக்கும் நாள்தானே அதிக வெப்பமான நாளாக இருக்க வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நிலம் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்துவைக்க நாள் எடுக்கிறது. அதற்குள் ஏப்ரல், மே மாத இடி மழையும் கடற்காற்றும் குறுக்கே வருகின்றன. உள்மாவட்டங்களில் உச்சம் ஏப்ரல் கடைசியிலும் மே முதற்பாதியிலும் வருகிறது. கடலோரத்தில் அதற்கும் பின்னால், மேல்காற்று வந்த பிறகு வருகிறது. ஆகஸ்டில் சூரியன் இரண்டாம் முறை உச்சிக்கு வரும்போது மேகம் நடுவில் நிற்பதால் யாரும் கவனிப்பதே இல்லை.

ஏப்ரல் 24

கோடை மழை பற்றி மன்னார்குடிப் பக்கத்துப் பருத்தி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உளுந்து எடுத்தாயிற்று. மாசியில் விதைத்த பருத்தியில் சப்பை (பூமொட்டு) கட்டுகிறது. மழை வருமா, வரவேண்டுமா?"

இரண்டும் சரியான கேள்விகள். தமிழ்நாட்டுக்கு மார்ச் முதல் மே வரை மூன்று மாதங்களுக்கும் சேர்த்து இயல்பு மழை 12, 13 சென்டிமீட்டர்தான். வடகிழக்குப் பருவமழையின் 44 சென்டிமீட்டருக்கு முன் அது சிறு தொகை. ஆனால் அந்தச் சிறு தொகை ஒரே மாலையில் ஒரு கிராமத்தில் கொட்டிவிட்டு அடுத்த கிராமத்தைத் தொடாமல் போகும். வானிலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்று வந்தால், அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால் பங்குக்குள்தான் மழை பதிவாகும் என்று பொருள். "சில இடங்களில்" என்றால் பாதி வரை, "பல இடங்களில்" என்றால் முக்கால் பங்கு வரை. "ஓரிரு இடங்களில்" என்ற அறிக்கையைப் பார்த்துத் தண்ணீர் கட்டுவதை நிறுத்தியவர்கள் எங்கள் பக்கம் பலர் இருக்கிறார்கள்.

வரவேண்டுமா என்றால், இப்போது வந்தால் நல்லது. நிலம் ஈரம் வாங்கும், சும்மா கிடக்கும் வயலில் கோடை உழவு ஓட்டலாம். ஆனால் மே கடைசியில் காய் வெடிக்கும் நேரத்தில் வந்தால் பஞ்சு நனைந்து நிறம் மங்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் வியாபாரி கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார். சென்ற முறை என் குவியலிலும் அதுதான் நடந்தது. வெயிலில் காயவைத்தேன், எடைதான் குறைந்தது.

ஏப்ரல் 26

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அறிக்கையில் வெள்ளிக்கிழமை தேதியில் காணும் மழை, வியாழன் காலை 8.30 முதல் வெள்ளி காலை 8.30 வரை பெய்தது. "நேற்று வெயில் கொளுத்தியதே, எங்கள் ஊருக்கு மூன்று சென்டிமீட்டர் என்று எப்படிப் போட்டார்கள்?" என்ற சண்டையில் பாதி இதனால் எழுகிறது.

ஏப்ரல் 28

இன்றைய தேதியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. 1930இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நடந்து, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு எடுத்தார்கள். உள்நாட்டிலிருந்து கடலோரத்துக்குப் போகப் போக வெக்கை குறைகிற பதினைந்து நாட்கள் அவை. ஜூனில் அதே நடையை நடந்திருந்தால் முதுகில் மேல்காற்றும் முகத்தில் மணலும் பட்டிருக்கும். திருமண வீட்டாருக்கு இது வெறும் வரலாறு அல்ல என்பதற்காக எழுதுகிறேன்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது, பஞ்சாங்கப்படி 28ஆம் தேதி வரை. "கத்திரி முடிந்தால் வெயில் முடிந்தது" என்று இந்த இழையிலேயே நால்வர் எழுதிவிட்டார்கள். உள்மாவட்டங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். நாகை, காரைக்கால், கடலூர், சென்னை ஆகிய கடலோர ஊர்களுக்குப் பொருந்தாது. அங்கே கத்திரி முடிந்த பிறகே கொடுமை. அக்கினி நட்சத்திரம் சூரியன் நிற்கும் இடத்தைக் கொண்டு கணித்தது. கரையில் மேல்காற்று எப்போது ஓங்கும், எப்போது ஓயும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

மே 5

"கத்திரி முடிந்ததும் இளநீர் விலை இறங்குமா?" என்ற கேள்விக்கு இந்த இழையில் இடமில்லை. ஆனாலும் விடை: இறங்காது. கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக நட்டவற்றில் பல காய்க்கத் தொடங்கிவிட்டன. மரம் ஏற ஆள்தான் கிடைப்பதில்லை.

மே 13

தில்லை நகர் வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "நாகையில் நேற்று 35 டிகிரிதான், திருச்சியில் 40. இன்னமும் நீங்கள் சொன்னதை நம்பச் சொல்கிறீர்களா?"

நம்புங்கள். உடம்புக்கு டிகிரி மட்டும் போதாது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டின்படி, 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள திருச்சிப் பிற்பகல் உடம்புக்கு 41 போல இருக்கும். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாகைப் பிற்பகல் 45 போல இருக்கும். இந்தக் கணக்கு நிழலுக்கும் மிதமான காற்றுக்கும் உரியது; கடற்காற்று நன்றாக வீசினால் நாகைக்காரருக்குச் சலுகை உண்டு, காற்று நின்றால் சலுகையும் நின்றுவிடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வெப்ப அலை அறிவிப்பிலும் இதனால்தான் அளவுகோல் வேறுபடுகிறது: சமவெளிக்குக் குறைந்தது 40 டிகிரி வேண்டும், கடலோர நிலையத்துக்கு 37 போதும்; இரண்டிலும் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

பட்டுப் புடவையும் பட்டு வேட்டியும் உடுத்தி, அடுப்புக்குப் பக்கத்துப் பந்தலில் நிற்கப்போகிறவர்கள் உங்கள் வீட்டார். நான் வேட்டி துண்டோடு திண்ணையில் இருந்து எழுதுகிறேன்.

மே 21

வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்ற பேச்சு வந்ததும் மழைக்கு நாள் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள். மே மாதத்துக் கடல் சின்னம் டெல்டாவுக்கு மழை தருமா என்பது அது கரையை எவ்வளவு நெருங்குகிறது என்பதைப் பொறுத்தது. 2016 மே மாதத்தில் ரோனு புயல் கரையை ஒட்டியே வடக்கே ஏறியதால் தமிழகக் கடலோரத்துக்கு நல்ல மழை கிடைத்தது. 2019இல் ஃபானி தமிழகம் நோக்கி வரும் என்று தொடக்கத்தில் பேசப்பட்டு, விலகிச் சென்று, மே 3 அன்று ஒடிசாவின் புரியில் கரை கடந்தது. அப்படி விலகிப் போகும் சின்னம் உள்நாட்டு வறண்ட காற்றைத் தன் பக்கம் இழுப்பதால் நமக்கு மழைக்குப் பதிலாக மேல்காற்றும் வெக்கையும் மிஞ்சும். ஆகவே கடலில் சின்னம் என்று கேட்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி, அது சென்னைக்குக் கிழக்கே எவ்வளவு தொலைவில் போகிறது என்பதே.

மே 29

வேதாரண்யத்தில் இருக்கிறேன். கடலோரம் என்று நான் இதுவரை எழுதியவற்றை நாகைக்கும் காரைக்காலுக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரை முனைக்கு வேறு கணக்கு. இங்கே கரை மடங்குவதால் கிழக்கிலும் தெற்கிலும் கடல் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று பாக் நீரிணையின் மீது வருவதால் நாகைக்கு வருவது போலச் சூடேறி வருவதில்லை. அதிராம்பட்டினத்துக்கும் தெற்கே கடல் இருக்கிறது. காற்று சற்றுத் தெற்காகத் திரும்பினாலே ஊர் தணிந்துவிடும். காற்று நேர் மேற்கானால் இந்தச் சலுகை கிடையாது.

உப்பளத்தில் இந்தக் காய்ந்த காற்றைத்தான் விரும்புகிறார்கள். பாத்தியில் நீரின் மேல் முதலில் மெல்லிய வெண்படலம் ஒன்று ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்கிறது. அது கனத்து உடைந்து அடியில் படியும். விடியலுக்கு முன்பே வாரத் தொடங்கி, வெயில் ஏறுமுன் கரையில் குவித்துவிடுகிறார்கள். எனக்குப் பஞ்சு நனையும் என்ற கவலை. என் மைத்துனருக்கு உப்பு கரையும் என்ற கவலை. ஒரு மழை பெய்தால் பாத்தியைச் சீராக்கி மீண்டும் உப்பு எடுக்க நாட்கள் பிடிக்கும். ஒரே மேகத்தைக் குறுவை நாற்றங்காலுக்கு வேண்டுபவர்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மே 31

மேட்டூர் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: நம் கோடை மழைக்கும் அணை நீர்மட்டத்துக்கும் பெரிய தொடர்பில்லை. குடகிலும் கேரளத்து வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்ய வேண்டும். மரபான திறப்பு நாள் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். ஆழ்குழாய் இல்லாதவர்கள் அணையைப் பார்த்து விதைவிடுங்கள், வானத்தைப் பார்த்து அல்ல.

ஜூன் 4

மேல்காற்று வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே எங்கள் மேற்குச் சன்னல் அடித்துக்கொள்கிறது. களத்தில் உலர்த்திய எள்ளுச் செடி இடம் மாறிக் கிடக்கிறது. காரைக்கால் வாசகர் ஒருவர் நேற்றுக் கடற்காற்று மூன்றரை மணிக்குமேல்தான் வந்தது என்கிறார். தில்லை நகர் வாசகருக்கு என் முடிவான யோசனை: முகூர்த்தமும் பகல் உணவும் குளிர்சாதன மண்டபத்தில் இருக்கட்டும். வரவேற்பைப் பந்தலிலேயே வையுங்கள், ஆனால் ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டாம். மணமேடையின் பின்புறத்தைக் கடல் பக்கம் வைத்து அடைத்துவிடாதீர்கள், கிழக்கு திறந்திருக்கட்டும். மேற்கே இடி மேகம் எழுந்தால் அது உங்களை நோக்கித்தான் வரும், ஏனென்றால் இந்த மாதத்தில் மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். உணவை உள்ளே வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

ஜூன் 13

அவர் அழைத்ததால் போயிருந்தேன். குளிர்சாதன மண்டபம் எடுத்திருந்தார்கள். பகல் முழுவதும் மேல்காற்றுத்தான். மாலை நான்கு மணிக்குப் பந்தலைப் பார்க்கப் போனபோது, மேற்குப் பக்கத்துத் துணி பந்தலுக்குள் உப்பி நின்றது. சமையற்காரர்கள் அடுப்பை மறைக்கத் தகரம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி வாக்கில் துணி தொய்ந்தது. சற்று நேரம் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்துப் புழுக்கத்தைத்தான் திருச்சி உறவினர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லப்போகிறார்கள். பிறகு கிழக்குப் பக்கத்துத் துணி உள்நோக்கி உப்பியது, கடல் வாடை வந்தது. எட்டு மணிக்கு மேற்கே மின்னல். சாப்பாடு முடியும் வரை மழை வரவில்லை.

"காற்று வந்ததே, பார்த்தீர்களா?" என்றார் அவர். வந்தது, பகல் சாப்பாடு முடிந்து வெகு நேரம் கழித்து வந்தது.

ஜூன் 14

காரைக்கால் வாசகர் தம் தங்கையின் திருமணத்தை ஆவணியில் நாகையில் இதே பந்தலில் வைக்கலாமா என்கிறார். வெக்கையைப் பொறுத்தவரை வைக்கலாம். ஆனால் ஆகஸ்டு, செப்டம்பரில் டெல்டாவில் இரவு நேர இடி மழை அடிக்கடி வரும். தகரக் கூரை போடச் சொல்லுங்கள், துணிப் பந்தல் தாங்காது.